முக்கால் இஞ்ச் இறக்கம்

இந்தக் குடியிருப்பில் என்னைக் கத்தரி அக்கா என்று கூப்பிடுவார்கள். தையல்காரி என்பதால்தான் அந்தப் பெயர் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். என் வாய்க்கு வைத்த பெயர் என்று இப்போதுதான் புரிகிறது. நாலு பிளாக், நூற்றிருபது வீடு. அதில் பாதிப் பேருடைய தோளும் மார்பும் என் அளவு நோட்டில் இருக்கின்றன. பி பிளாக் தரைத்தளத்தில், படிக்கட்டை ஒட்டி என் வீடு. முன்னறையில் மெஷின், ஜன்னலோரம் வெட்டுமேசை. அந்த ஜன்னலைத் தாண்டாமல் ஒரு பூனை கூட மாடிக்குப் போக முடியாது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வேன். அதை இப்போது எழுதவே கை கூசுகிறது.

திருட்டு ஒரு பித்தளைக் குழாயில்தான் ஆரம்பித்தது. ஏ பிளாக் மொட்டைமாடிக் குழாயை யாரோ கழற்றிக்கொண்டு போக, தொட்டித் தண்ணீர் மொத்தமும் சுவர் வழியாக இறங்கி, மூன்றாவது மாடிக் கணக்கு டீச்சர் வீட்டுக் கட்டிலை நனைத்தது. பிறகு படிக்கட்டுக்கு அடியில் நின்ற இரண்டு சைக்கிள்கள். பிறகு ஒரே நாளில் ஆறு தண்ணீர் மீட்டர்கள். எல்லாம் பட்டப்பகலில், வேலைக்குப் போகிறவர்கள் போன பிறகு. கடைசியில் திருடன் பம்ப் அறைக் கதவைப் பெயர்த்துச் செம்புக் கம்பியை உருவிக்கொண்டு போனான். இரண்டு நாள் நூற்றிருபது வீட்டிலும் சொட்டுத் தண்ணீர் இல்லை. அப்போதுதான் எங்களுக்கு ரோஷம் வந்தது.

சும்மா சொல்லக் கூடாது, எல்லாரும் சேர்ந்து வேலை செய்தோம். எதிர்வீட்டுக்காரர் முகமே தெரியாமல் பத்து வருஷம் குடியிருந்தவர்கள் ஒன்றாக நின்று புதர்களை வெட்டினார்கள். படிக்கட்டு விளக்குகளை மாற்றினோம். பம்ப் அறைக்கு இரும்புக் கதவும் புதுப் பூட்டும் போட்டோம். வீட்டில் இருக்கிறவர்கள் இரண்டு இரண்டு பேராகப் பகலில் காவல் சுற்றுவது என்று முடிவானது. ஆளுக்கொரு விசில். ஒரு தடவை ஊதினால் புது ஆள், மூன்று தடவை ஊதினால் எல்லாரும் ஓடி வரவேண்டும். முதல் வாரம் ஒரே கூத்து. சி பிளாக்கில் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையைப் பார்த்து யாரோ மூன்று தடவை ஊதிவிட, பாவம், அவர் படிக்கட்டிலேயே இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார்.

யார் எப்போது சுற்றுவது என்ற பட்டியலை நான்தான் எழுதினேன். ஒரு பிரதியை அறிவிப்புப் பலகையிலும், இன்னொன்றை எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவிலும் ஒட்டினேன். பம்ப் அறையின் மாற்றுச் சாவியையும் காவல் குழு என்னிடமே கொடுத்தது. மெஷினுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினேன். என்னைவிட நம்பிக்கையான ஆள் யார் இருக்கிறார்கள்?

வீட்டில் நானும் என் தம்பியும் மட்டும்தான். அப்பா அம்மா போனபோது அவனுக்கு ஏழு வயது. எனக்குக் கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் இவனை யார் பார்த்துக்கொள்வது என்றே தட்டிப் போனது. இப்போது அவனுக்கு முப்பத்தெட்டு. பெரிய ஆபீசில் வேலை. பட்டன் தைக்க வருகிறவர்களிடம் கூட, "என் தம்பி ஆபீஸ்ல அவனைக் கேக்காம ஒரு காகிதம் நகராது" என்று சொல்லித்தான் பட்டனையே கையில் எடுப்பேன். காலை எட்டரைக்கு நான் தைத்த சட்டையில் அவன் வாசற்படி இறங்குவதைப் பார்ப்பதற்கென்றே மெஷினை நிறுத்துவேன். ரெடிமேட் துணி எங்கள் வாசற்படி ஏறக்கூடாது என்பது என் வீட்டுச் சட்டம்.

காவல் தொடங்கி மூன்றாவது வாரம், மத்தியானம் ஒருத்தர் முறை முடிந்து அடுத்தவர் வருவதற்குள் இருக்கும் கால் மணி நேர இடைவெளியில், பம்ப் அறையில் இருந்த பித்தளை வால்வுகள் போயின. இந்தத் தடவை பூட்டு உடையவில்லை. சாவி போட்டுத் திறந்திருந்தார்கள். அன்று லீவில் இருந்த கணக்கு டீச்சர் பால்கனியிலிருந்து அவனைப் பார்த்திருக்கிறார். அதுவும் முதுகை மட்டும். சாம்பல் நிற டி-ஷர்ட், தொப்பி, தோளில் சாக்கு எதுவும் இல்லை, இரண்டு கையாலும் அணைத்த மாதிரி ஒரு பை.

"விசில் ஊதுறதுக்குள்ள மூலை திரும்பிட்டான்" என்றார் என் ஜன்னலுக்கு வந்து. "ஒண்ணு மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு. வலது தோள் கொஞ்சம் கீழ இறங்கியிருந்துச்சு."

"எவ்வளவு?"

டீச்சர் என் சாக்பீஸை எடுத்து மேசையில் ஒரு சாய்கோடு போட்டார். நான் இஞ்ச் டேப்பை வைத்துப் பார்த்தேன். முக்கால் இஞ்ச், ஒரு இஞ்ச் இருக்கும். பார்த்ததும் எனக்கு ஆள் தெரிந்துவிட்டது. ஆயிரம் தோளை அளந்தவளுக்கு இது கூடவா தெரியாது? இந்தக் குடியிருப்பில் அப்படித் தோள் இறங்கிய ஒருவர்தான் உண்டு. சட்டை அளவெடுக்க என் எதிரில் நின்றது கண்முன் வந்தது. என் வலக்கைப் பக்கம் தோள் சரிந்து நின்றது. டி பிளாக் பிளம்பர்.

அளவு நோட்டு இரண்டடி தூரத்தில் அலமாரியில் இருந்தது. எடுத்துப் பார்க்கவில்லை.

பிளம்பர் பன்னிரண்டு வருஷமாக எங்கள் பம்பையும் குழாய்களையும் பார்த்துக்கொண்டவர். பம்ப் அறைச் சாவி எப்போதும் அவர் இடுப்பில் தொங்கும். ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்தும் இடத்தில் கூட்டம் போட்டோம். குடியிருப்போர் சங்கச் செயலாளர் சுற்றி வளைத்துப் பேசப் பார்த்தார். அவர் மருந்துக் கம்பெனியில் வேலை பார்ப்பவர், எதையும் தண்ணீர் கலந்துதான் சொல்வார். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டேன்.

"சாவி ரெண்டுதான் இருக்கு. ஒண்ணு இவர் இடுப்புல. இன்னொண்ணு என் மெஷின் பக்கத்து ஆணில. அப்ப நானா எடுத்தேன்?"

எல்லாரும் சிரித்தார்கள். பிளம்பர் சிரிக்கவில்லை.

"அக்கா, நான் மாட்டின வால்வை நானே எதுக்குக் கழட்டணும்?"

"அதை நீங்கதான் சொல்லணும். டீச்சர் பாத்திருக்காங்க. தோள் இறங்கின ஆள்."

"எந்தத் தோளு?"

"வலது தோள்."

அவர் கை மெதுவாக இடது தோளுக்குப் போனது. ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"நடிச்சது போதும்" என்றேன். "உங்க உடம்பை அளந்தவ நான். எனக்கே பாடம் எடுக்காதீங்க."

கை தட்டினார்கள். நாலு பேர் முன்னால் ஒரு மனுஷனின் மானத்தை வாங்கியதற்குக் கை தட்டல். எனக்கு அது இனித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் தம்பி தூணில் சாய்ந்துகொண்டு, கழுத்தில் விசிலோடு, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் இளகிய மனசுக்காரன் என்று நினைத்துக்கொண்டேன். பிளம்பர் இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார். போலீசுக்குப் போக வேண்டாம், வீட்டைக் காலி செய்யச் சொன்னால் போதும் என்று பெருந்தன்மையாக முடிவெடுத்தோம். வீட்டுக்காரர் அவருக்கு இரண்டு மாதத் தவணை கொடுத்தார்.

மறுநாள் அவர் மனைவி வந்தாள். ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. யூனிபார்ம் தைக்கத் துணி கொடுத்திருந்தாள்.

"வெட்டிட்டீங்களாக்கா?"

"இன்னும் இல்ல. வெள்ளிக்கிழமை வெட்டிடுவேன்."

"வேணாம். அப்படியே குடுத்துடுங்க."

அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவள் மடிப்புக் கலையாமல் வாங்கி மார்போடு வைத்துக்கொண்டாள். அத்தோடு விட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா?

"துணி மட்டும்தானே? வேற எதுவும் எடுத்துட்டுப் போகலையே?"

அவள் திரும்பிப் பார்த்தாள். போய்விட்டாள்.

அதன்பிறகு திருட்டு நின்றது. ஒரு வாரம், இரண்டு வாரம், ஒன்றரை மாதம். ஒரு திருகாணி கூடக் காணாமல் போகவில்லை. இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? "கத்தரி அக்கா கண்ணு எக்ஸ்ரே கண்ணு" என்று செயலாளர் போகிறபோதும் வருகிறபோதும் சொன்னார். பம்புக்கு வெளியாள் ஒருவரை வைத்தோம். அவர் வந்ததிலிருந்து பம்ப் இருமிக்கொண்டே ஓடியது. தண்ணீர் வாரத்தில் மூன்று நாள்தான் ஒழுங்காக வந்தது. திருடனோடு குடியிருப்பதற்கு அது தேவலை என்று பேசிக்கொண்டோம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை தம்பி குளிக்கப் போயிருந்தான். சாப்பாட்டு டப்பாவை அவன் ஆபீஸ் பையில் வைக்கத் திறந்தேன். உள்ளே சுருட்டி வைத்த ஒரு சாம்பல் நிற டி-ஷர்ட்.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது சந்தேகமில்லை, கோபம். ரெடிமேட்! எனக்குத் தெரியாமல்! வரட்டும், நறுக்கென்று நாலு கேள்வி கேட்கலாம் என்று அதை உதறி ஹேங்கரில் மாட்டினேன். மாட்டியதும் கை அப்படியே நின்றுவிட்டது. கழுத்துப் பட்டி வலப்பக்கமாக இழுபட்டிருந்தது. வலது தோளில் துணி தொய்ந்து, கை இணைகிற தையல் கீழே இறங்கியிருந்தது. ஒரு உடம்பு பல நாள் போட்ட துணி அந்த உடம்பின் வடிவத்துக்கு வந்துவிடும். பைக்கு அடியில் பழைய துணியில் சுற்றிய பெரிய ஸ்பானர் ஒன்று இருந்தது.

அவன் தோளைப் பற்றி உலகத்தில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அவனுக்கு இரண்டு வயதில், எனக்குப் பத்து வயதில், இடுப்பில் வைத்துக்கொண்டு கயிறு தாண்டினேன். கைநழுவி விழுந்தான். வலது தோள் எலும்பு முறிந்து கோணலாகக் கூடியது. தையல் கற்றுக்கொண்டு அவனுக்குத் தைத்த முதல் சட்டையிலேயே வலது தோளுக்குள், சரிவு தெரியாமல் இருக்க, ஒரு மெல்லிய பஞ்சு பேட் வைத்தேன். அன்றிலிருந்து எல்லாச் சட்டையிலும் வைக்கிறேன். கை தானாக வைக்கும். மூச்சு விடுகிற மாதிரி, அளவு பார்ப்பதே இல்லை. அவன் தோள் நேரானது என்று என் கண்ணே நம்பிவிட்டது.

எல்லாவற்றையும் இருந்தபடியே பைக்குள் வைத்தேன். அவன் வந்தான், சட்டை போட்டான், "வரேன்க்கா" என்று படியிறங்கினான். பிறகுதான் அலமாரியைத் திறந்து அளவு நோட்டை எடுத்தேன். எட்டு வருஷத்துக்கு முந்தைய பக்கம். என் கையெழுத்து. "பிளம்பர். முழுக்கைச் சட்டை. இடது தோள் ஒரு இஞ்ச் இறக்கம்."

இடது தோள். அவர் என் எதிரில், என்னைப் பார்த்து நின்றார். என் வலக்கைப் பக்கம் அவருக்கு இடது. டீச்சர் பார்த்ததோ முதுகை. முதல் நாள் மெஷினில் உட்காருகிற பெண்ணுக்குக் கூட நான் இதைத்தான் முதலில் சொல்லிக் கொடுப்பேன். எதிரில் நிற்கிறவருக்கு வலது இடது மாறும், எழுதும்போது பார்த்து எழுது என்று.

தம்பியின் ஆபீசுக்குப் போன் செய்தேன்.

"அவரா? அவர் நின்னு அஞ்சு மாசம் ஆச்சே. ஆளைக் குறைச்சாங்க, அதுல போயிட்டார். நீங்க யாரு பேசுறது?"

"கஸ்டமர்" என்றேன். அக்கா என்று சொல்ல வாய் வரவில்லை.

அப்போதே எழுந்து டி பிளாக்குக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, நான்கு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஊரில் யார் தும்மினாலும் கருத்துச் சொல்கிறவள். தம்பியை ஜெயிலில் போட்டுவிடுவார்களோ என்ற பயம் பாதி. மீதிப் பாதி அதைவிடக் கேவலம்: என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்பதுதான். பிளம்பர் எப்படியும் போகப்போகிறார், திருட்டும் நின்றுவிட்டது, எதற்குக் கிளற வேண்டும் என்று கூட ஒரு ராத்திரி நினைத்தேன். நினைத்ததற்காகவே என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. வியாழக்கிழமை செயலாளர் வந்து, ஐம்பது நாள் திருட்டு இல்லாததைக் கொண்டாடச் சனிக்கிழமை கூட்டம் என்றும், எனக்கு ஒரு சுவர்க் கடிகாரம் பரிசு என்றும் சொன்னார். டி பிளாக் வாசலில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஞாயிறு காலை அவர்களுக்கு வண்டி வருகிறதாம்.

அன்று மத்தியானம் வெள்ளைத் துணி ஒன்றை எடுத்து வெட்டினேன்.

சனிக்கிழமை சாயங்காலம் தம்பியிடம் சட்டையை நீட்டினேன். "கூட்டத்துக்குப் போகணும். இதைப் போட்டுக்கோ."

போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றான். காலரைச் சரி செய்தான். மறுபடி சரி செய்தான். சட்டை வலப்பக்கம் சரிந்து நின்றது.

"அக்கா, பேட் வைக்க மறந்துட்டியா?"

"மறக்கல."

கண்ணாடிக்குள் என்னைப் பார்த்தான். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"வேலை போச்சுன்னு அன்னைக்கே சொல்லத்தான் வந்தேன். நீ யார்கிட்டயோ என் ஆபீசைப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தே. என்னைப் பாத்ததும், 'இதோ வந்துட்டான் பாரு'ன்னே. எப்படிக்கா சொல்றது? மாசக் கடைசியில உன் கையில எதையாவது குடுக்கணுமே."

"ஆணில இருந்த சாவியையா எடுத்தே?"

தலையசைத்தான். "நீ அவரைச் சொன்னதுக்கப்புறம் நான் எதையும் தொடல. மார்க்கெட்ல மூட்டை தூக்குறேன்."

"தூணுல சாஞ்சு நின்னியேடா. அவரை நான் கிழிக்கிறப்ப வாயைத் திறந்தியா?"

"நீ கிழிக்கிறப்ப யாருதான் வாயைத் திறக்க முடியும்?"

"எந்திரி" என்றேன்.

கார் நிறுத்தும் இடத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். கடிகாரம் பளபளக் காகிதத்தில் சுற்றியிருந்தது. செயலாளர் என் பெருமையை ஆரம்பிப்பதற்குள் எழுந்துவிட்டேன்.

"டீச்சர், கொஞ்சம் முன்னாடி வாங்க" என்றேன். தம்பியின் தோளைப் பிடித்து, முதுகைக் கூட்டத்தின் பக்கம் திருப்பி நிறுத்தினேன். "அன்னைக்கு நீங்க பாத்தது இந்த முதுகா பாருங்க."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். தம்பிதான் சொன்னான், யாரையும் திரும்பிப் பார்க்காமலே. "நான்தான். எல்லாம் நான்தான்."

எதிரில் நிற்பவருக்கு இடது வலது மாறும் என்பதையும், நோட்டில் எழுதியிருந்ததையும், நான் அதைப் பார்க்காததையும் சொன்னேன். நான்கு நாள் தெரிந்தும் சும்மா இருந்ததையும் சொன்னேன். சொல்லச் சொல்ல உடம்பு கூனிக் குறுகியது. யாராவது திட்டினால் தேவலை போல இருந்தது. யாரும் திட்டவில்லை. அன்றைக்குக் கை தட்டியவர்கள் எல்லாரும் அவரவர் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திங்கட்கிழமை தம்பியைத் தானே ஸ்டேஷனுக்கு அழைத்துப் போவதாகச் செயலாளர் சொன்னார். தம்பி சரி என்றான். பிளம்பரைப் போய்க் கூப்பிட ஒருத்தரும் எழவில்லை. நான் போனேன்.

அவர் மனைவிதான் கதவைத் திறந்தாள். கயிறு கட்டிய பெட்டிகளுக்கு நடுவில் அவர் உட்கார்ந்திருந்தார். வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிச்சுக்குங்க என்ற வார்த்தையை எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது.

"நோட்டுல எழுதினீங்களே, எனக்கு ஞாபகம் இருந்துச்சு" என்றார் பிளம்பர். "வீட்டுக்குப் போனதும் எடுத்துப் பாப்பீங்க, நாளைக்கே வந்துடுவீங்கன்னு இவகிட்டக்கூடச் சொன்னேன். அம்பது நாளா கதவுச் சத்தம் கேட்டா நீங்கதான்னு நெனப்பேன்."

அவர் கை இடது தோளைத் தடவியது.

"உங்க பிளாக் தொட்டியில ஏணி ஒடஞ்சு விழுந்ததுல எறங்கின தோளுக்கா அது. சட்டை தைக்க வந்தப்ப நீங்களே கேட்டு, அழுதீங்க."

ஆமாம், அழுதேன். அந்தச் சட்டையை இலவசமாகத் தைத்துக் கொடுத்துவிட்டு அதையும் ஒரு வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவர் மனைவி குறுக்கே வந்தாள். "காலைல வண்டி வருதுக்கா. எங்களுக்கு வேலை இருக்கு" என்று கதவைச் சாத்தினாள். முகத்தில் அடித்தாற்போல் சாத்தவில்லை. மெதுவாகத்தான் சாத்தினாள்.

ஞாயிறு காலை வண்டி வந்தது. செயலாளரும் இன்னும் பத்துப் பேரும் போய்க் கெஞ்சினார்கள், இருங்க, வீட்டுக்காரர்கிட்ட நாங்க பேசுறோம் என்று. அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஒன்றுதான் கேட்டாராம்: "அந்த பம்ப் ஏன் அப்படி இருமுது? சாவியைக் குடுங்க, பாத்துட்டுப் போயிடறேன். ராத்திரியெல்லாம் கேட்டுக் கேட்டுத் தூக்கம் வரல."

அரை மணி நேரம் உள்ளே இருந்தார். மூடாமல் விட்டிருந்த என் சமையலறைக் குழாய் முதலில் காற்றைத் துப்பியது, பிறகு தண்ணீர் பாய்ந்தது. மேல்மாடிகளிலும் ஒவ்வொரு வீடாகக் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது.

பிளம்பர் கையைத் துடைத்துக்கொண்டே என் வாசலுக்கு வந்தார். நான் எழுந்து நின்றேன்.

"பூட்டிட்டேன்" என்று சாவியை நீட்டினார். "இதை யார்கிட்ட குடுக்கறதுன்னு தெரியல. நீங்கதான் ஆளைப் பாத்ததுமே சொல்லிடுவீங்களே. சொல்லுங்க, யார்கிட்ட குடுக்கட்டும்?"

குத்திக் காட்டுகிற குரல் இல்லை. நிஜமாகவே பதிலுக்காக நின்றார். என் தலை நிமிரவில்லை. அவர் சாவியை வெட்டுமேசையில், அளவு நோட்டின் மேல் வைத்துவிட்டு வண்டியைப் பார்க்க நடந்தார்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பன்னிரண்டு வருஷத்தில் அவர் முதுகை நான் கவனித்துப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. இடது தோள் ஒரு இஞ்ச் இறங்கியிருந்தது.